கேரண்டியின் கடைசி நாள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் போகும் எங்கள் பஸ் மூங்கில்துறைப்பட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன் சீட்டில் ஒரு இளம்பெண், மடியில் மிக்ஸி.

"இந்த மரத்த நாளைக்கு வெட்டியிருக்கக் கூடாதா?" என்றாள்.

பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பினார். "நாளைக்குன்னா உனுக்கு இன்னாம்மா?"

"மிக்ஸிக்கு ஒரு வருச கேரண்டி இன்னியோட முடியுதுக்கா. கடைக்குத் தூக்கினு போறேன். எனுக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே நாள்ல கண்ணாலம். ரெண்டு பேருக்கும் ஒரே கடை மிக்ஸிதான் சீரா வந்துச்சி. அவுளுது ஆறே மாசத்துல கெட்டுப்போச்சி. கார்டக் காட்னதும் புத்தம் புதுசா மாத்திக் குடுத்துட்டாங்க. வூட்டுக்கு வர்றவங்கல்லாம் இப்ப அதத்தான் பாக்கறாங்க."

"உன்னுதுல இன்னா கெட்டுப்போச்சி?"

"எங்க கெடுதுக்கா? காஞ்ச மஞ்சளக் கூடப் போட்டு அரைச்சிட்டேன். சனியன், ஜம்முனு ஓடுது."

"அப்ப கடையில இன்னான்னு கேப்ப?"

"அவுளுக்கு மட்டும் ஏன் ரெண்டு குடுத்தீங்கன்னு கேப்பேன்."