ஒல்லிக்கு முன்னால் ஒரு வாய்

சார், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் கடை பீட்சா நல்லாத்தான் இருந்துச்சுன்னு எல்லாருமே சொன்னாங்க. நடந்ததை வச்சு அவங்க கைப்பக்குவத்தைக் குறை சொல்றது நியாயமில்லை. ஆறே ஆறு மேஜை. மூலையில வெள்ளை பூசின விறகு அடுப்பு. புருஷன் மாவு தட்டுவாரு, பொண்டாட்டி வந்து என்ன வேணும்னு கேட்பாங்க. இத்தாலியில நேப்பிள்ஸ் ஊர் முறைன்னா அடுப்புக்குள்ள போன ஒன்றரை நிமிஷத்துல பீட்சா வெளிய வந்துடணும். ஓரம் உப்பி அங்கங்க கருகியிருக்கணும், நடுவுல தொளதொளன்னு இருக்கணும். இதெல்லாம் முந்தின நாளே படிச்சிட்டுத்தான் போனேன். எட்டு மாசமா எங்க சாப்பிடப் போனாலும் படிச்சிட்டுத்தான் போறேன். ஏன்னு சொல்றேன்.

நான் தேயிலைக் கம்பெனியில ருசி பார்க்கிறவன். இருபத்திரண்டு வருஷமா அதே வேலை. காலையில நாப்பது கோப்பையை வரிசையா வைப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி எடுத்து சர்ருன்னு உறிஞ்சி, துப்பிட்டு, மார்க் போடணும். நான் போட்ட மார்க்கை யாரும் மறுத்துப் பேசினதில்லை. வீட்டுலயும் அப்படித்தான். அடுப்புல என்ன கொதிச்சாலும் எங்கம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு வாய் கொடுத்துட்டுத்தான் இறக்குவாங்க. தற்பெருமைன்னு நினைக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன்.

ஒல்லி என்கூடக் காலேஜ்ல படிச்சவன். அப்ப நெஜமாவே ஒல்லி. இப்ப கதவுல பக்கவாட்டுலதான் நுழைவான், பேரு மட்டும் இளைச்சபடியே நின்னு போச்சு. மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருந்தான். என் தங்கச்சியைத்தான் கட்டினான். நானே முன்ன நின்னு பண்ணி வச்ச கல்யாணம். அவனுக்கு முந்திரி ஆகாது. ஆகாதுன்னா வயித்து வலியோட போறது இல்லை சார், தொண்டை வீங்கி மூச்சு அடைச்சிடும். கல்யாணமான புதுசுல ஒரு தடவை பிழைச்சதே பெரிய பாடு.

அதுக்கப்புறம்தான் எங்களுக்குள்ள அந்தப் பழக்கம் வந்துச்சு. வெளிய எங்க சாப்பிட்டாலும் முதல் வாய் எனக்கு. நான் மென்னு பார்த்து, "இல்லை, சாப்பிடு"ன்னு சொன்ன பிறகுதான் அவன் கை தட்டுக்குப் போகும். பதினாலு வருஷத்துல ஒரு தடவைகூட நான் தவறினதில்லை. மாவா அரைச்சுக் கலந்திருந்தாக்கூடக் கண்டுபிடிச்சு, தட்டைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அவசரத்துக்குத் தொடையில குத்திக்கிற ஊசி ஒண்ணு அவன்கிட்ட உண்டு. நான் கூட வந்தா அதை வீட்டுலயே வச்சிட்டு வருவான். அன்னிக்கும் என் தங்கச்சி ஊசியைக் கையில எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கா. உங்கண்ணன் வர்றான்ல, அப்புறம் எதுக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டானாம்.

எட்டு மாசம் முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. நாலு நாள்ல விட்டுடுச்சு. ஆனா மூக்கு போனது போனதுதான். மூக்கு போனா ருசியும் போயிடும் சார், பலருக்கு அது தெரியாது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம், இவ்வளவுதான் மிஞ்சும். கொழுந்துத் தேயிலையும் தூசித் தேயிலையும் எனக்கு ஒண்ணுதான். ஆபீஸ்ல சமாளிச்சேன். கோப்பையில நிறத்தைப் பார்ப்பேன், பக்கத்து ஆள் முகம் சுளிக்கிறாரான்னு பார்ப்பேன், எல்லாத்துக்கும் நடுவாந்தரமா மார்க் போட்டுடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுன்னு சொல்வாங்க. கேட்கிறவங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இருந்தா மறைக்கலாம்.

ஒல்லிகிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்பீங்க. சொல்லணும்னுதான் இருந்தேன். அவன்கிட்ட சொன்னா தங்கச்சிகிட்டப் போகும், அவகிட்டப் போனா சொந்தபந்தம் பூராத் தெரிஞ்சிடும், அப்புறம் ஆபீஸ் மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் இல்லாம, இந்த எட்டு மாசத்துல அவனுக்கு ஒண்ணும் ஆகலை. கடைக்காரங்ககிட்ட முன்கூட்டியே ஃபோன் பண்ணிக் கேட்டுக்குவேன். அதனால நான் பொறுப்பில்லாம நடந்துக்கிட்டேன்னு யாரும் சொல்ல முடியாது.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம். நான், ஒல்லி, எங்க கூட்டாளி பல் டாக்டர், மூணு பேர். மாசம் ஒரு புதுக் கடை போறது எங்க வழக்கம். பல் டாக்டர் ரெண்டு வாரம் முன்னாடி என் வீட்டுக்கு வந்திருந்தப்ப, அடுப்புல பால் கருகி வீடே நாறியிருக்கு, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்திருக்கேன். அவன்தான் ஓடிப் போய் அணைச்சான். அன்னையிலருந்து என்னை ஒரு மாதிரியாப் பார்த்துக்கிட்டே இருந்தான். உன் மூக்கு சரியாத்தான் இருக்கான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டும் பார்த்துட்டான்.

முதல்ல தக்காளி பீட்சா வந்துச்சு, பிரச்சினை இல்லை. ரெண்டாவது பச்சை சாஸ் போட்டது. பேசில் இலையை எண்ணெயும் சீஸும் கொட்டையும் சேர்த்து அரைக்கிற சாஸ். அதுல முந்திரி இருக்கான்னு நான் கடைக்காரம்மாகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். இல்லவே இல்லை, நாங்க பைன் கொட்டைதான் போடறோம்னு சொன்னாங்க. அவங்க பொய் சொல்லலை சார், அவங்களுக்கே தெரியாது. நான் ஒரு துண்டு வெட்டி வாயில போட்டேன். கண்ணை மூடினேன். சூடா இருந்துச்சு, உப்பா இருந்துச்சு, அவ்வளவுதான். இலை புதுசு, எண்ணெய் கடைசியில லேசாக் கசக்குது, நல்ல எண்ணெய்க்கு அதுதான் அடையாளம்னு படிச்சதைச் சொன்னேன். "இல்லை, சாப்பிடு"ன்னேன். பல் டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தான்.

ஒல்லி உடனே சாப்பிடலை. வாய் சுட்டுடும்னு ஆற விட்டுட்டு, தன் கண்ணாடிக் கடைக்கு வந்த யாரோ ஒருத்தர் பொண்டாட்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் போன கதையைச் சொல்ல ஆரம்பிச்சான். என் கையில எண்ணெய். கழுவ எழுந்து போனேன்.

நீங்க கேமராவுல பார்த்தது அதுக்கப்புறம் நடந்ததை. நான் நாலு நிமிஷம் குழாய் கிட்ட நின்னேன். அந்த இடத்துல இருந்து சமையலறை நேராத் தெரியும். மாஸ்டர், அதான் அந்தம்மாவோட புருஷன், அடுத்த தடவைக்குச் சாஸ் அரைச்சிக்கிட்டிருந்தாரு. ஒரு பாக்கெட்டைக் கவிழ்த்து மிக்ஸியில கொட்டினாரு. வெள்ளையா, வளைஞ்சு, முழு முழு முந்திரி. பைன் கொட்டை தீர்ந்து போய் ரெண்டு நாளா அதைத்தான் போடறாருன்னு அப்புறம் உங்ககிட்ட ஒத்துக்கிட்டாரு. எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு.

குழாய்க்கு மேல கண்ணாடி. அதுல எங்க மேஜை தெரிஞ்சுது. ஒல்லி இன்னும் கதைதான் சொல்லிக்கிட்டிருந்தான், துண்டு முள்கரண்டியில தொங்கிக்கிட்டிருந்துச்சு. பத்து காலடி தூரம். "வைடா கீழே"ன்னு ஒரு குரல் கொடுத்தாப் போதும். ஆனா அடுத்த கேள்வி என்னவா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நீ இப்பத்தானே மென்னு பார்த்தே? பல் டாக்டர் அந்தக் கேள்விக்குத்தான் ரெண்டு வாரமாக் காத்துக்கிட்டிருக்கான். நான் நிதானமா யோசிச்சேன். சாஸ்ல முந்திரி எவ்வளவு இருந்துடப் போகுது, கொஞ்சம் தடிச்சு அரிக்கும், ஒரு மாத்திரையில அடங்கிடும்னு தோணுச்சு. அவன் முதல் வாய் வச்சதைக் கண்ணாடியில பார்த்தேன். ரெண்டாவது வாயும் பார்த்தேன். சோப்புப் போட்டு இன்னொரு தடவை கையைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்துல, "மச்சான், நாக்கு என்னமோ மாதிரி இருக்குடா"ன்னான்.

எண்ணெயில மிளகா ஊறப் போட்டிருக்காங்க, தண்ணி குடின்னு சொன்னேன். குடிச்சான். கழுத்தைச் சொறிஞ்சான். பல் டாக்டர் நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு எழுந்தான். ஆஸ்பத்திரி ரெண்டே தெரு தள்ளி. தூக்கிக்கிட்டு ஓடியிருந்தாலே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"முந்திரியா? நெஜத்தைச் சொல்லு, முந்திரியா?"ன்னு என்னைக் கேட்டான்.

"இல்லை"ன்னேன்.

அவனும் நம்பினான் சார். அதைத்தான் நீங்க கவனிக்கணும். அவ்வளவு சந்தேகத்தோட இருந்தவன், நான் இல்லைன்னதும் உட்கார்ந்துட்டான். ஏதாவது தொண்டையில சிக்கியிருக்கும்னு முதுகைத் தட்டினான். ஒல்லி என்னைப் பார்த்தான், நான் தலையை ஆட்டினேன், அவனும் சரின்னு தலையை ஆட்டினான். பதினாலு வருஷப் பழக்கம். ஆறு நிமிஷம் அப்படியே போச்சு. உதடு நீலமா ஆனப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாங்க. அது வந்தப்ப அவனுக்கு மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுல என் தங்கச்சி அழலை. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணா, நீ ருசி பார்த்தியா?"ன்னு அதையே திரும்பத் திரும்பக் கேட்டா. அந்தத் தட்டு வந்தப்ப நான் கை கழுவப் போயிருந்தேன், எனக்கு முன்னாடியே அவன் சாப்பிட்டுட்டான்னு சொன்னேன். உங்ககிட்டயும் முதல்ல அதைத்தான் சொன்னேன். பல் டாக்டர் வேற மாதிரி சொன்னான், அதிர்ச்சியில உளர்றான்னு நானே உங்களுக்கு எடுத்துச் சொன்னேன். அதனால மாஸ்டர் இருபது நாளா உள்ள இருக்காரு. அவர் பொண்டாட்டி தினமும் இந்த ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்கிறாங்க. அவங்களைப் பார்க்க எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. கேமரா இல்லைன்னாலும் ஒரு நாள் வந்து சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்.

நீங்க டைப் அடிச்சதைப் படிச்சுப் பார்த்தேன். எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்துப் போடறேன். மூணாவது பக்கத்துல ஒரே ஒரு வரியை மட்டும் மாத்துங்க. "ருசி தெரியாத நிலையில் முந்திரி இல்லை என்று கூறினேன்"னு இருக்கு. அப்படி வேண்டாம். "மென்றவுடனே முந்திரி என்று தெரிந்தது, தெரிந்தே இல்லை என்று கூறினேன்"னு போடுங்க. தண்டனை கூடிடும், எழுதவே எழுதாதீங்கன்னு எனக்காக வந்திருக்கிற வக்கீலம்மா தலையில அடிச்சுக்கிறாங்க. கூடட்டும். இந்தக் காகிதம் ஆபீஸுக்குப் போகும், என் தங்கச்சி கைக்கும் போகும். புருஷனைக் கொன்னது அண்ணன்தான்னு அவ படிக்கட்டும் சார், அண்ணனுக்கு ருசி தெரியலைன்னு படிக்க வேண்டாம்.