வெட்டுப்பட்ட வன்னி

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் மண் ஒட்டிய கையுறையோடு இருந்தவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "பூங்காவுல அந்த வன்னிக் கன்ன ஆடு மேயலக்கா, நான்தான் வெட்டினேன்" என்றார்.

"அடப்பாவி! மரம் நடுற நம்ம குழுவுல எல்லாரும் ரெண்டு வருசமா குடத்துல தண்ணி சொமந்து வளத்ததாச்சே?"

"சீமைக்கருவேலம்னு நெனச்சிட்டேன். ரெண்டும் முள்ளு, ரெண்டும் ஒரே மாரி எல. இனிமே என்ன சேத்துப்பாங்களா?"

"சீமைய வேரோட பேக்கணும்னு தலபாடா அடிச்சிகினேன். நீ சோம்பேறித்தனமா மேலாப்புலதான வெட்டுன?"

"ஆமாக்கா."

"அதான் பொழச்சிச்சி. இன்னிக்குக் காலைல பாத்தேன், அடிக்கட்டைல அஞ்சாறு துளிரு வுட்டுகினு கீது."

கையுறைக்காரர் எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி நடத்துனரைக் கூப்பிட்டார்.

"குந்துடா, அது எங்கியும் ஓடிப் போவாது" என்று அந்தப் பெண் சிரித்தார். கையுறைக்காரர் இறங்கி, வந்த வழியே பூங்காவை நோக்கி வேகமாக நடந்தார்.