குடை உயர்ந்தால் எல்லாரும் வந்தாயிற்று

அக்கா, சாப்பிட்டுக்கொண்டே ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நடத்திக்கொண்டு போவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. பசியோடு இருக்கும் வரை சொன்ன பேச்சைக் கேட்பார்கள். வயிறு நிறைந்த பிறகுதான் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அப்போது யாரும் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அங்கே என்னதான்டா பண்ணுகிறாய் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். ஹோட்டல் மாதிரி ஒன்று என்று மழுப்பினேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி. அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

வெயில் தாழ்ந்ததும் மணிக்கூண்டுக்குக் கீழே கூடுவார்கள். முன்னால் நடக்கிறவர் வழிகாட்டி. அவர் நம் பாஷைக்காரர். சட்டையில் எப்போதும் சின்ன மைக் குத்தியிருப்பதால் சந்தையில் எல்லாருக்கும் அவர் மைக். எனக்கு மைக் அண்ணன். வந்தவர்கள் ஆளுக்கொரு கருவியைக் காதில் மாட்டியிருப்பார்கள். அவர் முன்னால் முணுமுணுத்தாலும் கடைசி ஆளுக்குக் கேட்கும். அந்தக் கடைசி ஆளுக்கும் பின்னால் மஞ்சள் குடையோடு நான் வருவேன். வேலைக்குச் சேரும் வரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர், சேர்ந்த மறுநாளிலிருந்து குடை என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஒரு இடத்தை விட்டு எல்லாரும் வந்துவிட்டால் நான் குடையைத் தூக்கவேண்டும். குடை உயர்ந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். மைக் அண்ணன் திரும்பித் தலை எண்ணவே மாட்டார். "எனக்கு முதுகுல கண்ணு இல்ல, குடை இருக்கு" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிக்கவைப்பார்.

சுட்ட சோளம், ரொட்டிக்கடை, கோட்டை வாசல், அதன் பிறகு மீன் சந்தை. சந்தையின் பின்பக்கம் ஒரு குளிர் அறை இருக்கிறது. பெட்டி பெட்டியாக மீன் கல்லாக உறைந்து கிடக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு வேடிக்கை. உள்ளே போய், மூச்சு புகையாக வருவதைப் பார்த்துச் சிரித்து, படம் எடுத்துக்கொண்டு, வெளியே வந்தால் சந்தில் சுடச்சுடப் பொரித்த மீன் காத்திருக்கும்.

அந்தக் கதவை உள்ளே இருந்து திறக்கும் கைப்பிடி போன மழைக்காலத்திலேயே உடைந்துவிட்டது. கதவுக்காரர் என்று ஒருவர் இருக்கிறார், வயதானவர். சந்தை ஆபீசில் போய்ச் சொன்னார். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அவர் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். குடை உயரும் வரை கதவைத் தொடமாட்டார். உயர்ந்ததும் விளக்கை அணைத்து, தாழ்ப்பாளைப் போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார். அவருடைய நாளில் கடைசி ஆட்கள் நாங்கள்தான்.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மைக் அண்ணன் மட்டும் பின் அலமாரிக்குப் போவார். இறால் பொட்டலம் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவார். கதவுக்காரருக்குத் தெரியும். பார்த்தால் கேட்கவேண்டும், கேட்டால் சண்டை. ஆகவே அந்த நேரத்தில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்க்கமாட்டார். சுவரில் குடையின் நிழல் உயர்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

இப்போது நம் தம்பி விஷயம்.

லாரியில் இறந்தான் என்று உங்களுக்குத் தெரியும். மீன் ஏற்றிவந்த குளிர்பெட்டி லாரி என்றும் தெரியும். அதற்கு மேல் நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, மைக் அண்ணன் வீட்டுச் சமையல்கட்டில், அவரிடம் சொன்னேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். மைக் அண்ணன் என் முதுகைத் தடவினார். "மனசுலயே வெச்சுக்க தம்பி. இதெல்லாம் வெளிய சொல்லி ஆறுற விஷயம் இல்ல" என்றார்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில், குளிர் அறைக்குள் எல்லாரும் நடுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் குரலைத் தாழ்த்தினார். "பின்னாடி குடையோட நிக்கிறானே, அவன் இந்த ஊருக்கு எப்படி வந்தான் தெரியுமா? இதே மாதிரி பெட்டிங்களுக்கு நடுவுல படுத்துத்தான் வந்தான். கூட அவன் தம்பி." எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல் குடையைத் தூக்கிவிட்டேன்.

பிறகு அது தினமும் ஆயிற்று. ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "டேய், நான் என்ன இல்லாததையா சொல்றேன்? உன் தம்பிய நெனச்சு தினம் ஒரு கூட்டம் அழுவுது. உங்க ஊர்ல இத்தன பேர் அழுதிருப்பாங்களா?" என்றார்.

அழுகை மட்டும் போதவில்லை. அழுதவர்கள் மீனைச் சரியாகச் சாப்பிடவில்லை. கடைக்காரர் குறைபட்டுக்கொண்டார். அதனால் மைக் அண்ணன் ஒரு வரி சேர்த்தார். தம்பி பல் தந்தி அடிக்க அடிக்க என்னிடம் கேட்டானாம், "அண்ணா, சூடா ஒரு சூப் கெடைக்குமா?" அந்தப் பல் சத்தத்தை மைக்கில் வாயை வைத்துக் கடகடவென்று செய்து காட்டுவார். அது எல்லார் காதுக்குள்ளும் கேட்கும். என் காதிலும் கேட்கும். உடனே, "கவலப்படாதீங்க, உங்களுக்கு வெளிய சூடா மீன் இருக்கு" என்பார். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அழுத கண்ணோடு சிரிப்பார்கள்.

"அண்ணே, சூப்ப மட்டும் எடுத்துடுங்க. அவன் அப்படிக் கேக்கல" என்றேன்.

"பின்ன என்ன கேட்டான்?"

நான் குடையை மடக்கிக் கட்டினேன்.

"பாத்தியா, ஒனக்கே ஞாபகம் இல்ல. எனக்கு ஒரு வரி வேணும்டா. அழுதுட்டே போய் மீன் திங்க முடியுமா மனுஷன்?"

எனக்கு ஞாபகம் இருந்தது, அக்கா. அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் கோபக்காரன் இல்லை என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றால்கூடச் சும்மா இருப்பேன். ஆனால் அந்தப் பல் சத்தம் தினமும் காதுக்குள் விழுந்தது. ரொட்டி மெல்லும்போது கேட்டது. படுத்தால் தலையணையில் கேட்டது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் சாவிக்கொத்தை ஆட்டினால் அவர் கையைப் பிடித்து முறுக்கவேண்டும் போல் இருந்தது. முறுக்கவில்லை. இறங்கி நடந்தே போனேன்.

அன்றைக்கு வந்தவர்கள் சந்தோஷமான கூட்டம். ஒரே ஆபீசில் வேலை செய்கிறவர்களாம். கதை முடிந்ததும் அதில் ஒருவர், வாட்டசாட்டமான ஆள், "தம்பி எங்க படுத்திருந்தான்? காட்டுங்க" என்றார். மைக் அண்ணன் இரண்டு பெட்டிகளை நகர்த்தி இடம் செய்துகொடுத்தார். அந்த ஆள் நடுவில் படுத்துக்கொண்டார். கூட வந்தவர்கள் போனைத் தூக்கினார்கள்.

"கைய நெஞ்சு மேல கட்டிக்குங்க. வாயக் கொஞ்சம் தொறந்து வைங்க. ஆ, அப்படித்தான்" என்றார் மைக் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "குடை, நீ போய்ப் பக்கத்துல உக்காருடா. ரெண்டு நிமிஷம். என்ன மொகத்தத் தூக்குற?"

போய் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் கிடந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார். அவர் தோள் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. படம் எடுத்தார்கள்.

பிறகு எல்லாரும் வெளியே வந்தார்கள். காதுக் கருவிகளை நான் பையில் வாங்கிக்கொண்டேன். வழக்கமாக மீன் சாப்பிட்ட பிறகுதான் வாங்குவது. சார்ஜ் குறைந்துவிட்டது என்றேன். ஒன்றை மட்டும் என் காதிலேயே வைத்துக்கொண்டேன். மைக் அண்ணனின் போனும் என்னிடம்தான் இருந்தது. குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று எப்போதும் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். அவர் பின் அலமாரிப்பக்கம் போயிருந்தார். கதவுக்காரர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் குடையைத் தூக்கினேன்.

குடையைத் தூக்குவது என் வேலை. அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் செய்தேன்.

விளக்கு அணைந்தது, தாழ்ப்பாள் விழுந்தது. "டேய் குடை, லைட்டப் போடச் சொல்லு" என்று காதில் குரல் வந்தது. நான் கூட்டத்தைச் சந்துக்கு நடத்தினேன். சந்து அந்த அறையின் பின்சுவரை ஒட்டித்தான் போகிறது. அதனால் கரகரவென்றாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "சரி, வெளையாண்டது போதும். தொற." மீன் தட்டுகளை நானே எடுத்துக் கொடுத்தேன். வழிகாட்டி எங்கே என்று கேட்டார்கள். பின்னாலேயே வருகிறார் என்றேன்.

கதவுக்காரர் சைக்கிளோடு எங்களைத் தாண்டினார். "வரேன் குடை. நாளைக்கு லீவு, ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு ஐயா. பாத்துப் போங்க" என்றேன்.

அப்போது மைக் அண்ணன் என் காதுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு தம்பி என்று கூப்பிட்டார். சூப் வரியை எடுத்துவிடுகிறேன் என்றார். கதையையே எடுத்துவிடுகிறேன் என்றார். அப்புறம் வார்த்தைகள் குறைந்தன. பல் அடிக்கும் சத்தம் வந்தது. அவர் தினமும் ஒரே சீராகச் செய்து காட்டுவாரே, அது மாதிரி இல்லை. நிஜத்தில் அது விட்டுவிட்டு வரும், நடுவில் ஒரு முனகல் இருக்கும். இதை யாராவது அவருக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் பயமுறுத்திவிட்டுத் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். பாலத்துக்குப் போய்ச் சேரும் வரை சொல்லிக்கொண்டே நடந்தேன்.

பாலத்தில் அவருடைய போன் அடித்தது. அண்ணி.

"எங்கடா உங்க அண்ணன்? இறால் கொண்டாறேன்னு சொன்னாரு. வரும்போது ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரச் சொல்லு."

"சொல்றேன் அண்ணி. என்ன முன்னாடி போகச் சொன்னாரு. பின்னாடியே வர்றாரு."

"நீயும் சாப்பிட வந்துரு."

"சரி அண்ணி."

மறுபடி அடித்தபோது போனை அணைத்துவிட்டேன். காலையில் அண்ணி என் அறைக்கு ஓடி வந்தார். நானும் கூடப் போய்த் தேடினேன். ஆற்றங்கரை முழுக்கத் தேடினோம். களைத்துப்போய் அவர் என் தோளில் சாய்ந்துகொண்டார். நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

பாலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாலத்தில் நின்று ஊரைப் பார்ப்பதுதான் கடைசி இடம். கூட்டம் சும்மா நின்றுகொண்டிருந்தது. படுத்துக் காட்டிய அந்த ஆள் என்னிடம், "நீயே சொல்லேன், உன் வாயால கேக்கணும்" என்றார். சொன்னேன். முதல் தடவையாக உள்ளது உள்ளபடி சொன்னேன். தம்பி கடைசியாகக் கேட்டது, "அண்ணா, அக்கா இப்ப என்ன பண்ணிட்டு இருப்பா?" அவ்வளவுதான். நீ துணி துவைத்துக்கொண்டிருப்பாய் என்றேன். அதன் பிறகு அவன் பேசவில்லை.

அவர்கள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். ஒருத்தி போனைப் பார்க்க ஆரம்பித்தாள். இன்னொருவர் கொட்டாவி விட்டார். என் காதில் கரகரப்புகூட இல்லை, பாலம் தூரம். அவர்கள் கிளம்பிவிடுவார்கள் போல் இருந்தது. நான் சூப் வரியைச் சொன்னேன். பல் சத்தத்தையும் செய்து காட்டினேன், சரியாக, விட்டுவிட்டு. சிரித்தார்கள், அக்கா. கைதட்டினார்கள்.

சந்தை திறந்த அன்று மைக் அண்ணனை வெளியே எடுத்தார்கள், கதவுக்காரரைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குடை உயர்ந்ததைப் பார்த்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டார்கள். நான் தூக்கவில்லை என்றேன். நிழலைத்தானே பார்த்தார் அவர்.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். தூக்கினேன். மைக் அண்ணன் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துதான் தூக்கினேன். திறக்கச் சொல்லியிருக்கலாம், கதவுக்காரர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் சைக்கிளில் போனார்.

குளிர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மைக் இப்போது என் சட்டையில் இருக்கிறது. கதையைப் பாலத்திலேயே சொல்லிவிடுகிறேன். கதவுக்காரர் பாவம், அவருக்காகவாவது போய் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். நாளைக்குப் போகிறேன். இன்றைக்கு முடியாது, கூட்டம் அதிகம். சூப் வரியை எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று இப்போதுதான் எனக்குக் கைவந்திருக்கிறது.