குருசு போட்ட ஒட்டு

— ரெண்டு தோளும் கயண்டுகினு வருது பாய். எர்ணாவூர்லருந்து இதுவரிக்கும் டிராக்டர்ல கவுறு கட்டி இஸ்துகினு வந்தாங்க. ஜீப்புல ஸ்டேரிங்க புட்சிகினு குந்தியிருந்தது நான். பின்னாடி கண்டெய்னர் லாரிக்காரனுங்க ஆரன் அட்ச்சே சாவடிச்சிட்டானுங்க.

— குந்து தங்கச்சி, மொதல்ல குந்து. டேய் வால்டரு, அந்த ஸ்டூல இப்டி தள்ளு. நாஸ்டா துண்ணியா?

— டீ போதும். கிளாஸ எடது கையில குடுங்க. வலது கை மேல வர மாட்டேங்குது.

— இந்தா. போன்ல பேரு இன்னா சொன்ன?

— குணசுந்தரி.

— ஆங், குணா. நான் அமீருதீன். ஜீப்புக்கு கீழ பூந்துகினு கீறானே, அவன் வால்டரு. வெல்டிங்கு, டிங்கரிங்கு, பெயிண்டு எல்லாம் அவன்தான். முப்பது வருசமா இந்த ஷெட்டுல நான் வாங்குவேன், அவன் ஒட்டுவான், நான் விப்பேன்.

— வித்த துட்டுல பாதிய இவரு துண்ணுவாரு. அதயும் சொல்லு மாமு.

— நீ கீழ வேலய பாரு. சொல்றத கேளு குணா. மிலிட்டிரி ஜீப்புதான், இல்லன்னு சொல்லல. டேஷ்போர்டுல பித்தள பிளேட்டு அப்டியே கீது, எழுவத்தாறுன்னு. ஆனா எஞ்சினு ஜாமு. பாடி கடக்காத்துல அப்பளம் கணக்கா ஆயிடுச்சு. கை வச்சா உதுருது. எம்பது ரூபா போடுவேன்.

— எம்பதாயிரமா? ஓஎம்ஆர்ல ஐடி பசங்க இதுக்கு ஏழு லட்சம் குடுக்கறாங்களாம். என் மவ போன்ல காட்டுச்சு.

— குடுக்கறான். எப்பன்னு கேளு. நான் ஆறு மாசம் துட்ட முடக்கி, எஞ்சினு மாத்தி, பச்ச பெயிண்டு அட்ச்சு, பின்னாடி பெட்ரோல் கேனு மாட்டி, நெத்தியில வெள்ள ஸ்டாரு போட்டு நிறுத்துனா குடுப்பான். போன மாசம் ஒரு பையன் வந்தான். சண்டைக்குப் போன வண்டியா பாய்ன்னான். போச்சுன்னேன். குண்டு பாஞ்ச ஓட்ட ஒண்ணு ரெண்டு இருந்தா நல்லாருக்கும்ன்னான்.

— அதுக்கு இன்னா பண்ணீங்க?

— வால்டரு டிரில்ல எடுத்துகினு போயிட்டான்.

— நாலு ஓட்ட போட்டேன்மா. ஓட்டைக்கு ஐநூறு வாங்கினேன். போவும்போது கைய புட்சிகினு தேங்க்ஸ் அங்கிள்ன்னான்.

— நல்லா பொழைக்கிறீங்க. எனக்கு ஓட்ட வேணாம், நியாயமான வெல சொல்லுங்க. ஒம்போது வருசமா வூட்டுக்குப் பின்னாடி கால்வா ஓரம் தார்ப்பா போட்டு கெடந்துச்சு. விக்கலாம்னு சொன்னாலே எம்புருசன் எழுந்து வெளில போயிடுவாரு. இப்பதான் கம்முனு இருந்தாரு. சரி, அதான் சம்மதம்னு இட்டாந்துட்டேன்.

— இன்னாமா இது, ரெண்டு பக்கமும் ஆங்கிள் இரும்ப வச்சி போல்ட்டு முடுக்கி கீது?

— அது சாத்தாங்காட்டுல சின்னப்பையன்னு ஒரு வெல்டரு வந்து போட்டாரு வால்டர்ணா. வண்டி நடுவுல ஒடிஞ்சுதான கெடக்குது. அப்டியே இஸ்தா முன்பாதிதான் ராயபுரம் வரும், பின்பாதி எர்ணாவூர்லயே நின்னுடும்ன்னாரு.

— எங்கனா மோதுச்சா?

— எங்கயும் மோதல. மணல்ல மீன்புடி போட்ட இழுக்க வாங்குனதுண்ணா இது. தாழங்குப்பத்துல போட்ட கரையேத்த கூப்டுவாங்க. கயித்த மாட்டி நாலு சக்கரமும் இழுத்தா எம்மாம் பெரிய போட்டும் மேல வந்துடும். அப்பால மீன் பொட்டிய ஏத்திகினு காசிமேடு. அன்னிக்கும் அப்டிதான் வந்தாரு, பகலவன், எம்புருசன். பின்னாடி கம்பிய புட்சிகினு அவரு தம்பி வேம்பு நின்னுகினு வந்துச்சு. ஒரு ஸ்பீட் பிரேக்கரு. ஏறி எறங்குச்சு, அவ்ளோதான். வண்டி நடுவுல மடங்கிடுச்சு. வேம்பு தூக்கியடிச்சு விழுந்துச்சு, மேல பொட்டிங்க, பொட்டி மேல வண்டி.

— உயிரு?

— அங்கயே போயிடுச்சு. இருபத்தி நாலு வயசு.

— அல்லாவே.

— மாமு, டார்ச்ச எடுத்துகினு கீழ வாயேன்.

— இன்னாடா?

— வா, சொல்றேன்.

— நீங்க பொறுமையா பாருங்க. நான் எதிர் கடையில ரெண்டு பன்னு துண்ணுட்டு, மெடிக்கல்ல தைலம் வாங்கி தோளுல தேச்சிகினு வரேன். டிராக்டர்காரருக்கும் டீ சொல்லணும்.

— போயிட்டு வா தங்கச்சி.

— போயிட்டாளா?

— ரோட்ட தாண்டிட்டா. இன்னாடா, மூஞ்சி இப்டி வெளுத்து கீது?

— சேசிஸ பாரு. ஆங்கிளுக்கு பின்னால. ஒட்டு தெரிதா?

— தெரியாம? இனிமே ஒதவாதுன்னு கண்டம் பண்ண மிலிட்டிரி வண்டிய டிப்போல காஸ் வச்சி ரெண்டா வெட்டிட்டுத்தான் ஏலத்துல குடுப்பான். அத வாங்கி ஊரே ஒட்டுது. நாம மட்டுமா?

— ஊரு நேரா ஒட்டும். இது சாய்ச்சு ஒட்டுனது. ஓரத்துல பாரு, லைட்ட அங்க அடி.

— குருசு. சின்னதா சிலுவ வெட்டி கீது.

— உளிய வச்சி நான் போட்டது.

— உன்ன மாரி வேற எவனாவது போட்டிருப்பான்.

— ராயபுரத்துல சேசிஸ்ல குருசு போடறவன் நான் ஒருத்தன்தான் மாமு. உள்ள தகடு சொருவி, மேல ஒட்டி, சுத்தியால தட்டிப் பாத்துட்டு, இது தாங்கும் கர்த்தரேன்னு சொல்லிட்டுதான் போடுவேன். வர்ற பார்ட்டிக்கெல்லாம் நீதான சொல்லுவ, குருசு இருந்தா உள்ள தகடு கீதுன்னு.

— அப்ப இதுலயும் கீதில்ல? வண்டிக்கு வேற எதுனா ஆயிருக்கும்.

— ஒடஞ்ச வாயில வெரல வுட்டு பாரு. இன்னா கீது?

— காலி.

— பதினாலு வருசம் ஆவுது. அன்னிக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல லாரி ஸ்ட்ரைக்கு, தகடு வர்ல. காட்டுப்பள்ளி காண்டிராக்டரு துட்ட கையில வச்சிகினு இந்த வாசப்படில நின்னான். நாளைக்கு ஒட்டறேன்னு நான் சொன்னேன். நீ இன்னா சொன்ன?

— நெனவில்ல.

— எனக்கு கீது. மேலாப்புல ஒட்டிட்டு குருசு போட்டுடு வால்டரு, உள்ள எவன் பாக்கப்போறான்னு சொன்ன. நான் போட்டேன். வாய் உன்னுது, கை என்னுது.

— மெதுவா பேசு. அந்தக் காண்டிராக்டரு இவ புருசனுக்கு தள்ளி வுட்டிருக்கான் போல.

— இன்னொண்ணு பாரு. வண்டி பூரா துரு. குருசு மேல மட்டும் யாரோ சொரண்டி கீறாங்க, பளபளன்னு.

— ஆங்கிள் போட்டவன் போல்ட்டுக்கு எடம் பாத்து சொரண்டியிருப்பான். அத வுடு. இப்ப நான் சொல்றத கேளு. அவ கேக்கறதுக்கு மேல ஒரு வெல குடுத்து வாங்கிடறேன். மத்தியானமே காஸ் வச்சி துண்டு துண்டா வெட்டி பழைய இரும்புல போட்டுடு. மேட்டர் முடிஞ்சுது.

— ஒருத்தன் செத்துட்டான் மாமு.

— நாம சொன்னா எழுந்து வருவானா? கேஸுன்னு ஒண்ணு வந்தா ஷெட்டுக்கு பூட்டு. என் பொண்ணு நவ்ரீனுக்கு வர்ற மாசம் நிக்காஹ். மாப்ள வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா இன்னா ஆவும்? உன் காலுல வேணா வுழறேன்டா.

— காலெல்லாம் வேணாம். நவுரு, அவ வர்றா.

— இன்னா ரெண்டு பேரும் கப்சிப்புன்னு கீறீங்க? வண்டி அவ்ளோ மோசமா?

— இல்ல குணா. நல்லா பாத்தோம். ரெண்டு லட்சம் வச்சிக்கோ. இப்பவே தரேன்.

— டீ குடிக்கும்போது எம்பதாயிரம்ன்னீங்க.

— கஸ்டப்பட்ட குடும்பம். மனசு கேக்கல.

— ரெண்டு பன்னு துண்ற நேரத்துல ஒரு லட்சத்தி இருவதாயிரம் ஏறுமா பாய் மனசு?

— எனக்கும் பொண்ணு கீது தங்கச்சி. வாங்கிகினு போ.

— துட்டு அப்பறம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இத்தினி வருசமா நூறு ஜீப் பாத்திருப்பீங்க. மோதாம கொள்ளாம ஒரு வண்டி ஏன் ஒடியும்?

— துருதான். கடக்காத்து பொல்லாதது, உள்ளுக்குள்ளயே அரிச்சிடும்.

— அன்னிக்கு துரு இல்ல பாய். மாசாமாசம் அடியில பூந்து பழைய ஆயிலு தடவுவாரு. எம்மேல தைலம் தடவ சொன்னா மாட்டாரு, அதுக்கு தடவுவாரு.

— போலீஸ்ல இன்னா எழுதினாங்க?

— குடின்னு எழுதினாங்க வால்டர்ணா.

— குட்ச்சிருந்தாரா?

— குட்ச்சிருந்தாரு. பொய் சொல்ல மாட்டேன். விடிய முன்ன கடல்ல எறங்கி நின்ன குளுருக்கு ஒரு கட்டிங். அது போதுமே ஊருக்கு. குடிகாரன் தம்பிய கொன்னுட்டான்னு ஆயிடுச்சு. அவருக்கே அதான் நெனப்பு. நான் பிரேக்க லேட்டா அமுத்தினேனோ, நான் பாக்காம வுட்டுட்டேனோன்னு ராவுல எழுந்து குந்திக்குவாரு. அதுக்கப்பறம் ஒரு ஸ்டேரிங்க தொடல. ஐஸ் கம்பெனில ஐஸ் கட்டி ஒடைக்கறாரு.

— வூட்ல பெரியவங்க யாரும் ஆறுதல் சொல்லலியா?

— மாமியா கீறாங்க. சொர்ணம்னு பேரு. ரெண்டு புள்ளைய பெத்தவங்க. சின்னத பொதச்ச அன்னிலருந்து பெரியவருகிட்ட, எம்புருசன்கிட்ட, பேசறது இல்ல. ஒரே ரூமு வூடு பாய் எங்களுது. தட்டுல சோத்த போட்டு அவரு எதிர்ல வைப்பாங்க, அப்டியே செவுத்து பக்கம் திரும்பிக்குவாங்க. கொழம்பு வேணுமான்னு கூட என்ன வுட்டுத்தான் கேப்பாங்க. ஒம்போது வருசம். போன மாசம் அவருக்கு காய்ச்சலு, அம்மா தண்ணின்னு கேட்டாரு. டம்ளரு வந்துச்சு. வாய் தொறக்கல.

— குணா.

— சொல்லுங்கண்ணா.

— டேய் வால்டரு, வேணாம்.

— துரு இல்லமா. பாய் சொன்னது பொய். அந்த ஒட்டு நான் போட்டது. உள்ள ஒரு தகடு வச்சிட்டுதான் மேல ஒட்டணும். வெக்கல. வச்ச மாரி அடையாளம் மட்டும் போட்டு வெளில அனுப்பிட்டேன். இம்மாம் நாளு தாங்குனதே பெருசு. உம்புருசன் குட்ச்சிருந்தாலும் ஒடிஞ்சிருக்கும், குடிக்காம இருந்தாலும் ஒடிஞ்சிருக்கும். எவன் ஓட்டியிருந்தாலும் அது அங்கதான் ஒடிஞ்சிருக்கும். நாலு அறை வுடும்மா, வாங்கிக்கறேன்.

— கை தூக்க முடியலன்னு சொன்னனே அண்ணா.

— குணா, அவன் மட்டும் இல்ல. அவன் நாளைக்கு ஒட்டறேன்னுதான் சொன்னான். இன்னிக்கே முடின்னு போட வச்சது நான். பார்ட்டி துட்டோட நின்னுகினு இருந்தான். ஆச பட்டுட்டேன்.

— இத நீங்களா சொல்லுவீங்களான்னுதான் பாய் பாத்துகினு இருந்தேன். ரெண்டு லட்சம்ன்னதும் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்.

— இன்னாமா சொல்ற?

— ஆங்கிள் போட வந்த சின்னப்பையன் பத்து நாளைக்கு முன்னாடியே துருவ சொரண்டி அந்தக் குருச காட்டிட்டாரு. இது ராயபுரம் வால்டரு கை, ஆனா உள்ள தகடு இல்லன்னாரு. ஓடிப்போய் மாமியாகிட்ட சொன்னேன். புருசன காப்பாத்த கத கட்றியாடின்னு செவுத்து பக்கம் திரும்பிக்கினாங்க.

— அப்ப நீ வண்டி விக்க வர்ல.

— டிராக்டரு வாசல்ல நிக்குது, ரெண்டு பேரும் ஏறுங்க. உங்க ரெண்டு லட்சமும் வேணாம், எம்பதும் வேணாம். எம்மாமியா எதிர்ல குந்தி, தகடு வெக்காம ஒட்டுனது நாங்கதான்னு உங்க வாயால சொல்லணும். அந்த ஒரு பேச்சுதான் பாய் நீங்க தர வேண்டிய பாக்கி. ஒம்போது வருசமா உங்க கடன எம்புருசன் கட்டிகினு கீறாரு.