தாமதமாக வந்த திசு

ஃபார்மலின் வாடை எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. அதனால்தான் தேநீர்க் கோப்பையை இடது கையில் பிடித்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை ஐயா.

ஆய்வகத்தில் எனக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். ரத்தப் புற்றுநோய் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. உயிர் பிரிந்ததும் உறுப்புகளிலிருந்து துண்டெடுத்துச் சீக்கிரம் ஃபார்மலினில் போட்டுவிட வேண்டும். சுணங்கினால் செல்கள் தாமாகவே கரைந்துவிடும். நுண்ணோக்கியில் கூழ்தான் தெரியும். யார் தாமதித்தாலும் வள்ளென்று விழுவேன்.

என் மகளுக்கும் அதே நோய் வந்தது. குணமாகிவிட்டது என்றார்கள். பள்ளிக்கூடம் போனாள், பழையபடி என்னோடு மல்லுக்கு நின்றாள். பிறகு நோய் திரும்பியது.

"இத்தனை நாளா அது எங்கப்பா ஒளிஞ்சிருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கண்டுபிடிச்சுச் சொல்றேன்டா கண்ணு."

"நான் செத்துட்டா என்னை வெச்சே கண்டுபிடிங்க. நீங்கதான் அவசரமாச்சே."

அவள் போன அன்று எங்கள் ஆய்வகத்து டாக்டரம்மா வந்து நின்றார். "அண்ணே, நேரமாகுது. புள்ளையக் குடுங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். குளிருமே என்று போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்தினேன். கடைசியில் அவளுடைய துண்டுகள் கூழாகத்தான் வந்தன.

அவள் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நின்றது. நோய் அடங்கியிருக்கும்போது எங்கே ஒளிகிறது என்று பார்க்க, அது அடங்கியிருக்கும் உடம்பு வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைகள் சாவதில்லை. எங்கள் துறையில் இது ஒரு சிக்கல்.

நோய் அடங்கி, பரிசோதனைக்கும் மருந்துக்கும் வந்துபோகும் சிறுமி ஒருத்தி இருந்தாள். என் மகள் வயது. முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. என்னை 'டாக்டர் மாமா' என்பாள், நான் டாக்டர் இல்லை என்றாலும் கேட்கமாட்டாள். அவளுக்கும் எப்படியும் திரும்பத்தான் போகிறது என்று எனக்குத் தோன்றியது. என் பிள்ளை பட்ட பாட்டை இவளும் படவேண்டாமே. மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அதில் நான் வேறொன்றைச் சேர்த்தேன். அவள் சிரமப்படவில்லை ஐயா, தூங்கிப்போனாள்.

காரணம் தெரியாத சாவு என்பதால் எங்கள் மேசைக்கே வந்தாள். இந்தமுறை நான் தாமதிக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பதப்பட்ட திசுவை என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், மூளையின் உறை, எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு நோய்ச் செல்கூட எங்கேயும் இல்லை.

அவளுடைய அம்மா ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். பிள்ளை முழுசாகக் குணமாகியிருந்தாள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் ஐயா. பெற்றவளுக்கு அதைவிட ஆறுதல் வேறென்ன இருக்கிறது.