சாமி உக்காந்த எடம்

சும்மாட்டுத் துணி இல்லீங்க அது. தலைப்பாகைக்குள்ள பொடச்சிக்கிட்டு இருக்கிறது எங்கூட்டுக்காரரு மண்டைதானுங்க. அப்பலேருந்து அதைத்தானே பாக்கறீங்க? பாருங்க, பரவால்ல. தருமபுரியிலேருந்து இந்த மொரப்பூரு வரைக்கும் சின்ன ரயிலுல அத்தனை சனமும் அதைத்தான் பாத்துச்சு. தூங்கறாரு, கேக்காது. ஏனுங்க, மெட்ராஸ் வண்டிக்கு மணி அடிச்சுட்டாங்களா? இருங்க, எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.

இன்னும் கைகாட்டியே எறங்கலீங்க. எனக்கு உக்காரவே முடியல.

எங்களுக்குக் குலசாமி வீரபத்திரசாமிங்க. ஆடிக் கும்பிடுல ஆம்பளைங்க வரிசையா உக்காருவாங்க, பூசாரி அவங்க தலையிலயே தேங்காய் ஒடைப்பாரு. ஆமாங்க, தலையிலதான். சிரிக்காதீங்க, எங்களுக்கு அது பெரிய வரம். கல்யாணமான புதுசுல இவருக்கு உச்சியில புளியங்கொட்டையளவு ஒரு மேடு. வருசத்துக்கு வருசம் பெருத்து எலுமிச்சங்காயளவு ஆயிடுச்சு. தொட்டா சதை இல்லீங்க, கல்லாட்டம் எலும்பு. பூசாரி இவரு அண்ணன், எங்க மச்சாண்டாரு பச்சியப்பன்தான், அது சாமி உக்காந்த எடம்னுட்டாரு. அவ்வளவுதான். அதுக்கு மஞ்சள், குங்குமம். மொதத் தேங்காய் இவரு தலையிலதான். வெளியூர்க்காரங்க வந்து தொட்டுக் கும்புட்டுட்டுப் போவாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

போன வருசம் கும்பிடுல இவருக்கு இடது காலு வெட்டி வெட்டி இழுத்துச்சுங்க. சாமி வந்துடுச்சுன்னு மோளத்தை இன்னும் வேகமா அடிச்சாங்க. சரி, சாமின்னே இருக்கட்டும். அப்புறம் களி தின்னுக்கிட்டு இருக்கையில வந்துச்சு, பட்டியில ஆடு கறக்கையில வந்துச்சு. சாமின்னா எதுக்குங்க நாக்கைக் கடிக்குது? எதுக்குங்க வேட்டியிலயே ஒண்ணுக்குப் போவுது? கேட்டேன். பொட்டச்சி வாயை மூடுன்னாரு பச்சியப்பன். நான் மூடல.

மிஷன் டாக்டரம்மாகிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். அவங்க சேலத்துக்கு அனுப்பிப் படம் புடிக்க வெச்சாங்க. வேர்க்கடலைப் பருப்பு மேல செவப்பாத் தோலு இருக்குதில்லீங்க, அதாட்டம் மூளையைச் சுத்தி ஒரு சவ்வு இருக்குதாம். அதுலதான் கட்டியாம். அது மேலாக்க எலும்புக்குள்ள பூந்துக்கிட்டதால எலும்பு தடிச்சுப்போச்சாம். நோவு எலும்புல இல்ல, அதுக்கு அடியில இருக்குதுன்னாங்க. உள்ளாறயும் வளந்து மூளையை அழுத்துதாம். அதனாலதான் காலு இழுக்குது, தலை பொளக்குது, கண்ணும் மங்கிக்கிட்டே வருது. தேங்காய் ஒடச்சதாலயான்னு கேட்டேனுங்க. அப்படிச் சொல்ல முடியாது, ஆனா இனிமே ஒரு தேங்காகூட ஒடைக்கக் கூடாதுன்னுட்டாங்க.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளைக்கார டாக்டர் துரை இருக்காராம். போன செர்மன் சண்டையில குண்டு பட்ட மண்டையெல்லாம் தெறந்து பாத்தவராம். அந்த எலும்பையும் கட்டியையும் சேத்தே எடுக்கணுமாம். பொழைப்பாரான்னு கேட்டா, விட்டா நிச்சயமாப் போயிடுவாரு, எடுத்தா பாக்கலாம்னாங்க. எனக்கு அந்தப் பாக்கலாம் போதுமுங்க.

கூட யாரும் வரலீங்களே. யாருகிட்டயும் சொல்லல. நாளான்னிக்கு எங்கூருல கும்பிடு. தேங்காய் வந்து எறங்கிடுச்சு, விட்டிருந்தா மொதத் தேங்காய் இவரு மேலதான்.

மணி அடிக்குதுங்களா? ஐயோ, எழுப்பணுமே. இருங்க, அதுக்கு முன்னால ஒண்ணு. நீங்களும் மெட்ராஸ் வண்டிதானே? ஒரு ஒத்தாசை பண்ணுங்க. சாமி எடத்துல கத்தி வைக்க விடமாட்டேன், அதுக்குச் செத்தே போறேன்னு ஒத்தைக்கால்ல நின்னாருங்க. அதனால தெலுங்குச் சீமையில குப்பம்கிற ஊருல நம்ம சனம் கும்பிடு வெச்சிருக்குது, மொதத் தேங்காய்க்கு உங்களைத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேன். விடியறதுக்குள்ள குளிச்சு, சிரிச்சுக்கிட்டு வந்துட்டாருங்க. இப்ப அவருக்கு வெளிச்சம் தெரியும், ஆளு மொகம் தெரியாது. முழிச்சா என்னை நம்ப மாட்டாரு, பக்கத்துல இருக்கிறவங்களைத்தான் கேப்பாரு. இந்த வண்டி குப்பத்துக்குத்தான் போவுதுன்னு சொல்லிடுங்க. மெட்ராசுல தலையை மழிக்கையில தெரிஞ்சுக்கட்டும். அப்ப என்னை வாயார வையட்டும். வையறதுக்கு ஆளு இருக்கணுமில்லீங்களா?