கொட்டச்சேட்டு மாரியப்பனுக்குக் கடை உண்டா, இல்லையா?

பனி இறங்கிக் கொண்டிருக்கும் இந்த அந்தி வேளையில், கம்பளிக்குள் கைகளை ஒளித்துக்கொண்டாலும் காதுகளை மட்டும் எனக்காகத் திறந்து வைத்திருக்கும் பெருமக்களே! அவைக்குத் தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர், முறுக்கிய மீசைக்கும் முறியாத சொல்லுக்கும் பெயர் பெற்ற அண்ணன் வெங்கடாசலம் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மூத்தோரே! கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் நம் ஒண்டிக்கடைப் பகுதி வியாபாரிகளே! காபித் தோட்டத்திலிருந்து கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கும் கொட்டச்சேட்டுக் கிராமத்துத் தாய்மார்களே! சுற்றுலா வேன் ஓட்டிப் பிழைக்கும், மேடை கிடைத்தால் பேசிப் பிழைக்கும் இந்த ஜீவானந்தத்தின் வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, அமெரிக்காவுக்குச் சட்டப்படி போனவர்களும், சட்டத்தை மீறி இருந்தவர்களும். நான் பேசி முடித்ததும் சங்கம் ஒரு முடிவெடுக்கப் போகிறது. அமெரிக்காவிலிருந்து விலங்கு பூட்டித் திருப்பி அனுப்பப்பட்ட கொட்டச்சேட்டு மாரியப்பன், சங்கக் கட்டடத்தில் காலியாகக் கிடக்கும் கடையை மெஸ் வைக்கக் கேட்டிருக்கிறான். கொடுக்கலாமா, கூடாதா? மேடை ஏறும்போது தலைவர் என் காதில் சொன்னார்: "ஏனுங்க ஜீவா, சட்டம்னா என்னன்னு நல்லா உறைக்கிற மாதிரிப் பேசிப்போடுங்க." உறைக்கிற மாதிரியே பேசுகிறேன், அண்ணா. யாருக்கு உறைக்க வேண்டுமோ அவருக்கு உறைக்கட்டும்!

யார் இந்த மாரியப்பன்? சுவர் ஏறிக் குதித்தவனா? எல்லைக் காட்டில் பதுங்கிச் சென்றவனா? இல்லை, ஐயா, இல்லை! முறையாக விசா வாங்கி, முறையாக விமானம் ஏறி, டெக்சாசில் ஒரு தமிழ் ஓட்டலுக்குச் சமையல்காரனாகப் போனவன். விசா முடியும் முன்னே புதுப்பித்துத் தருவேன் என்றார் முதலாளி. தருவேன் தருவேன் என்றே தவணை தாண்டிவிட்டது. திங்கட்கிழமை தோசை ஊற்றிய மாரியப்பன் சட்டப்படி வந்த தொழிலாளி. செவ்வாய்க்கிழமை தோசை ஊற்றிய அதே மாரியப்பன் சட்டவிரோதக் குடியேறி! கல் மாறவில்லை, கரண்டி மாறவில்லை, கை மாறவில்லை. காகிதத்தில் ஒரு தேதி மாறியது, மனிதனே கள்ளனாகிவிட்டான்!

அப்போதே அவன் திரும்பி வந்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். அவன் செய்தது தவறு. தங்கை கல்யாணத்தை நினைத்துத் தங்கிவிட்டான். அந்தத் தவறுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அந்தத் தவறை வைத்து இந்த ஊர் ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அந்த ஓட்டல் இருக்கும் நகரத்தில் நம் ஒண்டிக்கடைப் பிள்ளை ஒருவர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். ஹரிஹரன். இதோ, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பலசரக்குக் கடை ஹேமலதா அம்மாவின் ஒரே மகன். வார விடுமுறையில் மாரியப்பன் சமைத்ததைச் சாப்பிடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நம் நாட்டுக்காரர்கள் பலரும் அங்கே அப்படித்தான். வாய் நிறைய அவன் குழம்பு, வாய் திறந்தால் அவன் மேல் வெறுப்பு! "நாங்கெல்லாம் வரிசையில் நின்று வந்தோம், இவன்களெல்லாம் நாட்டையே கெடுக்கிறான்கள்" என்று ஏப்பம் விட்டபடியே சொல்வார்கள்.

பேத்தி பிறந்ததும் ஹேமலதா அம்மா டெக்சாஸ் போனார். ஒரு நாள் காலை தனியாக நடக்கப் போனவர், வெயில் தாங்காமல் நடைபாதையில் மயங்கி விழுந்தார். கார்கள் போயின. கண்ணாடி ஏற்றிய கார்கள், கண்டும் காணாத கார்கள். ஓட்டலுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மாரியப்பன் நின்றான். முகத்தில் தண்ணீர் தெளித்தான். அவசர எண்ணுக்கு அவனே போன் செய்தான். ஆம்புலன்ஸுக்கு முன்னால் போலீஸ் வரும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும்! காகிதம் இல்லாதவன் போலீஸ் வண்டியைக் கண்டால் சந்துக்குள் மறைவான். அதுதான் அங்கே பிழைக்கிற வழி.

கண் விழித்த ஹேமலதா அம்மாவுக்கும், மகன் சொல்லி, அது தெரியும். "நீ போயிரு சாமி, போலீசு வருது, போயிரு" என்றாராம்.

"உங்களை இப்படி ரோட்டுல உட்டுப்போட்டு நான் எங்கீங்கம்மா போறது? சும்மா படுங்க" என்றானாம் மாரியப்பன்.

போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போலீஸ் பெயர் கேட்டது, சொன்னான். காகிதம் கேட்டது, இல்லை என்றான். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார், அவன் போலீஸ் காவலுக்குப் போனான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே தாய் மகனிடம் கெஞ்சினார். "கண்ணு, ஒரு வக்கீலைப் பார்த்து, அந்தப் பையன் என்ன பண்ணான்னு சொல்லு." மகன் என்ன சொன்னார்? "எனக்கு கிரீன் கார்டு வரவேண்டியிருக்கும்மா. இதுல என் பேரு வரக்கூடாது." பெற்றவளின் உயிர் ஒரு தட்டில், பச்சை அட்டை ஒரு தட்டில். எந்தத் தட்டு தாழ்ந்தது, பார்த்தீர்களா?

அதோடு விட்டாரா? நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "சட்டத்தை மீறுபவர்களால் எங்களைப் போன்றவர்களுக்கும் தலைகுனிவு." அதற்குக் கைதட்டும் பொம்மைகள் எத்தனை! பூங்கொத்துகள் எத்தனை! அனுப்பிய விரல்கள் இங்கேதான் இருக்கின்றன. இப்போது ஏன் அந்த விரல்கள் கம்பளிக்குள் போகின்றன?

என்ன, பின்னாலிருந்து ஒரு குரல்? "சட்டம்னா சட்டந்தானுங்க"வா? அடடா, லாட்ஜ்கார அண்ணனா! வணக்கம், அண்ணா! உங்கள் லாட்ஜுக்கு இரண்டு மாடிக்குத்தானே அனுமதி? மூன்றாவது மாடி மழையில் முளைத்ததா? அதற்கு விசா எந்த நாட்டுத் தூதரகத்தில் வாங்கினீர்கள்? சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள்! சிரிக்கிற உங்களில் பாதிப் பேரின் கடைக் கூரை சாலைமேல் எல்லை தாண்டித்தான் நிற்கிறது!

அதுவாவது போகட்டும். காபி பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்களே, அவர்கள் எந்த எல்லையைத் தாண்டினார்கள்? எந்தச் சட்டத்தை மீறினார்கள்? சொந்த நாட்டில் வேலைக்கு வந்தவனுக்கு வாடகைக்கு ஊடு இல்லை என்கிறோம். அப்புறம் என்ன சட்டம், சட்டம் என்று? நமக்குப் பிடிக்காதவன் வந்தால் மட்டும் சட்டம் நினைவுக்கு வருகிறது. அதுதானே உண்மை?

அந்த உண்மையை ஹரிஹரனே ஒரு நாள் கண்டார். மாரியப்பன் பிடிபட்ட மறுமாதம், காய்கறி வாங்கப் போன இடத்தில், தாயின் கண்முன்னே, ஒரு வெள்ளைக்காரன் அவரைப் பார்த்து, "உன் நாட்டுக்கு ஓடு!" என்று கத்தினான். ஹரிஹரனிடம் விசா இருந்தது. வேலை இருந்தது. கட்டிய வரி இருந்தது. கத்தியவன் அதையெல்லாம் கேட்டானா? தோலைப் பார்த்தான், கத்தினான். அவன் கண்ணுக்கு ஹரிஹரனும் மாரியப்பனும் ஒன்றுதான். ஹரிஹரனுக்குத்தான் அது இன்னும் புரியவில்லை!

மாரியப்பனைக் கைக்கும் காலுக்கும் விலங்கு பூட்டி டெல்லியில் இறக்கிவிட்டார்கள். ரயிலில் சேலம் ஜங்ஷன் வந்தான். அழைத்து வரப் போனவன் நான். ஒரு துணிப்பை. மணிக்கட்டைச் சுற்றிக் கறுத்த தழும்பு. மலை ஏறினோம். குளிர்காற்று முகத்தில் பட்டதும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஏனுங்கண்ணா, அந்தம்மாவுக்கு உடம்பு தேவலைங்களா?"

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். சாலை தெரியவில்லை எனக்கு.

அந்த மனிதனுக்குத்தான் இந்தச் சங்கம் கடை கொடுக்க யோசிக்கிறது! ஊர்ப் பெயர் கெட்டுவிடுமாம். எந்த ஊர்ப் பெயர், ஐயா? விழுந்து கிடந்த இந்த ஊர்த் தாயை விட்டுவிட்டு ஓடியிருந்தால் நம் பெயர் மணத்திருக்குமா? அமெரிக்காக்காரன் விலங்கை அவிழ்த்துவிட்டான். நீங்கள் எடுத்து மறுபடி மாட்டுகிறீர்கள்!

போதும். தலைவர் அனுமதியோடு, இப்போதே முடிவு கேட்டுவிடுவோம். மாரியப்பனுக்குக் கடை கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

ம். கொட்டச்சேட்டுத் தாய்மார்களே, உங்கள் கைகளைப் பார்க்கிறேன். ஆனால் சங்கத்தில் உங்களுக்கு ஓட்டு இல்லையே! உறுப்பினர்கள் கை தூக்குங்கள். ஒன்று, இரண்டு, அங்கே ஒன்று. அவ்வளவுதானா? தலைவர் கை எங்கே? மேசைக்கு அடியிலா? நல்லது, அண்ணா. குளிர் அதிகம்தான்.

என்னங்கம்மா? ஹேமலதா அம்மா எழுந்து நிற்கிறார். மைக்கைக் கொடுங்கப்பா... வேண்டாமா? அப்படியே சொல்லுங்க, நான் உரக்கச் சொல்கிறேன்.

"உங்க கடை ஒண்ணும் வேண்டாமுங்க. என்ற கடையிலயே முன்பக்கம் ஒதுக்கித் தாரேன். நாளைக்கே அடுப்பு வைக்கட்டும். என்ற பையன் போன் பண்ணிக் கத்துவான், கத்தட்டும். நொம்ப நாள் வாய மூடிட்டிருந்துட்டேன். அந்தப் பையன் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தப்ப எனக்கு இருந்த தைரியம், இந்த ஊர்ல எனக்கு எப்பவும் இருந்ததில்லீங்க."

கேட்டீர்களா? கைதட்டாதீர்கள்! கை தூக்காதவர்கள் கைதட்டக் கூடாது! மாரியப்பா, பின்னால் தூணோடு ஏன் நிற்கிறாய்? முன்னால் வா, தம்பி. அம்மா கூப்பிடுகிறார்.

இடம் தந்த மேடைக்கும், முகம் சுளித்தாலும் நாற்காலியை விட்டு எழாத தலைவருக்கும், குளிரில் குந்தியிருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹேமலதா அம்மா கடை வாசலில் முதல் இட்லி இறங்கும். இன்று கை தூக்காதவர்களும் வரலாம். அவன் உங்களுக்கும் சட்னி ஊற்றுவான். வெட்கமாக இருந்தால் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்!